பதினாறு பக்கம்

ஹிசனோ அம்மாளால் ஓரிடத்தில் நான்கு நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. கால்வலி இல்லை, மறதியும் இல்லை. பேசிக்கொண்டே இருப்பார். ஒரு வாக்கியத்தின் நடுவே சட்டென்று எழுந்து நிற்பார். வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ நறுக்குவதுபோல ஒருமுறை சேர்ந்து பிரியும். பிறகு, தான் நிற்பதைத் தானே கவனித்து, "கெட்டில் கொதிக்குதான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்பார். அடுப்பில் கெட்டிலே இருக்காது.

கண்டாவில் அவர் வீட்டு மாடியில் ஒன்பது ஆண்டுகள் குடியிருந்தேன். இந்தக் கதையை அவர் ஒரே மூச்சில் ஒருநாளும் சொன்னதில்லை. நான்கு நான்கு நிமிடமாகத்தான் கிடைத்தது. அவருடைய மொழி நான் வளர்ந்த பிறகு கற்றுக்கொண்ட மொழி. எதையாவது தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிடுவேனோ என்ற பயத்தில் பல இடங்களை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டேன். இரண்டாம் முறையும் அவர் நடுவில் எழுந்து போனார்.

1936-ல் அவருக்கு இருபத்து நான்கு வயது. அந்த வயதை எழுதும்போது எனக்கு 'அவள்' என்றுதான் வருகிறது.

பழைய புத்தகக் கடைகள் நிறைந்த அதே கண்டாத் தெருவில் அப்போது 'தொம்போ' என்றொரு இசைக் காப்பிக்கடை இருந்தது. காப்பிக்காக அங்கே யாரும் வருவதில்லை. மேல்நாட்டு இசைத்தட்டு வாங்க வழியில்லாத மாணவர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒரு கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு மதியம் முழுக்கக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார்கள். தட்டு சுழலும்போது பேசக் கூடாது, இருமக் கூடாது, தீக்குச்சி உரசக் கூடாது. கோப்பையை மேசையில் வைக்கும் 'டக்' கூடக் கேட்கக் கூடாது. சுவரில் எழுதி வைக்கவில்லை. கடைக்காரர் மியாதெரா ஒரு பார்வை பார்ப்பார், அது போதும்.

கடையின் கோடியில் ஒரு கண்ணாடி அறை. நாலடிக்கு ஐந்தடி. ஒரு மின்சாரத் தட்டுச் சுழலி, சுவர் முழுக்கத் தட்டுகள், ஒரு முக்காலி, ஹிசனோ. காலை பதினொன்று முதல் இரவு ஒன்பதரை வரை.

அந்தக் காலத்துத் தட்டு, பக்கத்துக்கு நான்கு நிமிடம் சொச்சம்தான் பாடும். பக்கம் முடிந்ததும் அவள் எழுந்து ஊசிக்கையைத் தூக்கி, தட்டைத் திருப்பி, தேய்ந்துபோன மூங்கில் ஊசியின் முனையைச் சிறு கத்தரியால் நறுக்கிக் கூராக்கி, மறுபடி இறக்குவாள். எல்லாம் பன்னிரண்டு நொடி. அந்தப் பன்னிரண்டு நொடியில்தான் கடைக்கு உயிர் வரும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் இருமுவார்கள், தொண்டையைச் செருமுவார்கள், காப்பியை ஒரு மிடறு குடித்துக் கோப்பையை வைப்பார்கள், சிகரெட் பற்றவைப்பார்கள். ஊசி இறங்கியதும் மறுபடி சிலைகள்.

வாடிக்கையாளர்கள் சீட்டில் இசையின் பெயரை எழுதி, தட்டு மாற்றும்போது மட்டும் திறக்கும் கண்ணாடி அறையின் சின்னத் திறப்பு வழியாகக் கொடுப்பார்கள். அறைக்குள்ளே அதற்குப் பெயர் கிடையாது. ஆறு பக்கம், எட்டுப் பக்கம், பத்துப் பக்கம். எல்லாவற்றிலும் பெரியது ஒரு ஜெர்மன்காரர் எழுதிய சிம்பொனி. எண்பது பேர் வாத்தியங்களோடு ஆரம்பித்து, கடைசியில் ஒரு பெரிய பாடகர் குழுவும் எழுந்து நின்று சேர்ந்து பாடும். எட்டுத் தட்டு. அதற்கு 'பதினாறு பக்கம்' என்று பெயர்.

வாரத்துக்கு மூன்று முறையாவது பதினாறு பக்கம் ஓடும். ஹிசனோ அதைக் கேட்டதே இல்லை. ஒலிபெருக்கி வெளியே கூடத்தில் இருந்தது. கனத்த கண்ணாடிக்குள் வந்து சேர்ந்ததெல்லாம், அடுத்த வீட்டில் யாரோ மெத்தை தட்டுவதுபோன்ற முனகல். அவளுக்கு அந்த இசையைக் கண்ணால்தான் தெரியும். ஓசை பெருத்த இடத்தில் தட்டின் கோடுகள் சாம்பல் பூத்திருக்கும். மெல்லிய இடம் கன்னங்கரேலென்று மின்னும். எந்தச் சாம்பலுக்குப் பிறகு எழ வேண்டும் என்பது காலுக்கே தெரிந்திருந்தது.

அந்த ஆண்டில் இசையுலகில் நடந்ததெல்லாம் அந்தத் திறப்பு வழியாகத்தான் அவளுக்கு வந்தது. கொண்டுவந்தவர் உசாமி. ஓர் இசை மாத இதழில் பிழைதிருத்துபவர். வயது முப்பது. ஒரு பக்கம் உடைந்த மூக்குக்கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். 'இந்த ஆண்டு இசையுலகில்' என்று ஜனவரி இதழில் வரும் பட்டியலைத் தொகுப்பது அவர் வேலை. நோட்டுப் புத்தகமும் கையுமாகத் திறப்பை ஒட்டிய மேசையிலேயே உட்கார்ந்திருப்பார். பன்னிரண்டு நொடிக்குள் சொல்லி முடிக்கக்கூடிய சேதியாகத் தேர்ந்தெடுத்துச் சொல்வார்.

பிப்ரவரிக் கடைசியில் பெரும் பனியோடு, அரசுக்கு எதிராகக் கலகம் செய்த சிப்பாய்கள் தெருவை மறித்தார்கள். கச்சேரிகள் நின்றன. தொம்போவும் நான்கு நாள் மூடிக்கிடந்தது. தட்டு சுழலாத அந்த நாட்களிலும் ஹிசனோ தைத்துக்கொண்டிருந்த துணியோடு எழுந்து எழுந்து நின்றாள். கோடையில் ஒரு கொஞ்சல் பாட்டுத் தட்டுக்குப் போலீஸ் தடை வந்தது. வானொலியில் 'குடும்பத்தோடு பாட' என்று நல்லொழுக்கப் பாட்டுகள் ஆரம்பித்தன.

"தடை பண்ணின பாட்டு எப்படி இருக்கும்?" என்று ஒரு திறப்பு நேரத்தில் ஹிசனோ கேட்டாள்.

ஊசி இறங்கிவிட்டது. நான்கு நிமிடம் காத்திருந்து உசாமி பதில் சொன்னார். "பொண்ணு கொஞ்சும். அவ்வளவுதான். நம்ம கடையில போட்டா உங்க சித்தப்பாவே போலீஸைக் கூப்பிட்டுடுவார்."

மியாதெரா அவளுக்குச் சித்தப்பா முறை. அவர் மனைவி தொமே, ஹிசனோவின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. பதினெட்டு வயதில் சிச்சிபு மலையூரிலிருந்து இவர்களை நம்பித்தான் அனுப்பினார்கள். கடைக்கு மேலேயே படுக்கை. வெளியே போக வேண்டுமென்றால் சித்தியின் துணை வேண்டும். சித்திக்கு மூட்டுவலி.

இலையுதிர் காலத்தில் ஒருநாள். எட்டுப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் பக்கம் முடிந்ததும் உசாமி திறப்பில் வாயை வைத்தார்.

"வாத்தியக் குழுவுக்குப் புது நடத்துநர் வந்திருக்கார். வெளிநாட்டுக்காரர். ஒத்திகையில யாரும் மூச்சே விடக்கூடாதாம்."

"நம்ம சித்தப்பா மாதிரி."

ஊசி இறங்கியது. நான்காம் பக்கம் முடிந்தது.

"டிசம்பர்ல பதினாறு பக்கத்தை வாசிக்கறாங்க. ஹிபியா மண்டபத்துல."

அவள் கத்தரியைப் பிடித்தபடியே நின்றாள். பன்னிரண்டு நொடி பதினெட்டு ஆயிற்று. கூடத்தில் எல்லோரும் இருமி முடித்துவிட்டு, இன்னும் இருமுவதா வேண்டாமா என்று தெரியாமல் திரும்பிப் பார்த்தார்கள். ஊசியை இறக்கினாள். ஐந்தாம் பக்கம் முழுவதும் ஓடி முடிந்தது.

"நிறுத்தாமலா வாசிப்பாங்க?"

"எதை நிறுத்தாம?"

ஆறாம் பக்கம்.

"பக்கத்துக்குப் பக்கம் நிறுத்தாமலா?"

"நிறுத்தறதுக்கு அவங்க என்ன ஹிசனோசானா?" என்று, பெயரோடு மரியாதைக்கு ஒரு 'சான்' சேர்த்து, உசாமி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதே வாரம் ஊரிலிருந்து கடிதம் வந்தது. சித்தி கண்ணாடி அறை வாசலில் நின்று படித்துக் காட்டினாள். மாப்பிள்ளை மனைவியை இழந்தவர், பட்டு நெய்பவர், நல்ல மனிதர்.

"புது வருஷம் பொறந்ததும் அனுப்பிடறேன்னு உங்கம்மாவுக்கு எழுதிட்டேன். வீட்டுல பத்துத் தறி ஓடுதாம்டீ, பத்து."

"கிராமபோன் இருக்கா சித்தி?"

"தறிச் சத்தமே காதைப் பொளக்கும். அதுக்கு மேல கிராமபோன் வேறயா உனக்கு?"

அன்றிலிருந்து ஹிசனோவுக்கு ஒரே கணக்கு. பதினாறு பக்கத்தை ஒருமுறை, ஒரே ஒருமுறை, வெட்டுப்படாமல் காதால் கேட்டுவிட வேண்டும். டிசம்பரை விட்டால் இல்லை. மலையில் யார் வாசிக்கப் போகிறார்கள்?

மறுநாள் கடை திறக்குமுன் சித்தப்பாவிடம் கேட்டாள். அவர் தட்டு உறைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாரத்துக்கு மூணு தடவை காதுல ஊத்திக்கறே. இன்னும் என்ன பாக்கி?"

"நான் அதைக் கேட்டதே இல்ல சித்தப்பா."

"ஆறு வருஷமா நீதானே போடறே!"

"போடறேன். கேட்டதில்ல."

அவருக்கு அது புரியவில்லை. புரியாதபோது அவர் துடைக்கும் வேகம் கூடும். "நீ போயிட்டா ஊசியை யார் நறுக்கறது? என் தட்டுல வேற எவன் கை வைக்கறது?"

உண்மையில் அதுதான் பூட்டு. சித்தப்பாவுக்குக் கை நடுங்கும். சித்தியின் மூட்டுவலிக்கு எழுந்து எழுந்து நிற்க முடியாது. அந்தக் கண்ணாடி அறையில் நிற்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். நன்றாகக் கற்றுக்கொண்டதுதான் அவள் செய்த தப்பு.

இரண்டு நாள் கழித்து உசாமி வந்து மியாதெராவின் முன்னால் குனிந்து நின்றார். பத்திரிகைக்கு வந்த அனுமதிச் சீட்டு ஒன்று அவர் கையில் இருந்தது.

"ஐயா, அன்னிக்கு சாயங்காலம் நான் உள்ள நிக்கறேன். ஹிசனோசான் போயிட்டு வரட்டும்."

"உனக்கு ஊசி நறுக்கத் தெரியுமாய்யா?"

"பிழை திருத்தறவன் ஐயா நான். கண்ணு கூர்மை."

"கண்ணாடியை நூல்ல கட்டிட்டு வந்து கண்ணு கூர்மைங்கறான்! கண்ணு எதுக்கு? கை நடுங்கக் கூடாது."

இரண்டு ஞாயிற்றுக்கிழமை, விரிசல் விட்ட ஒரு தட்டை வைத்து ஹிசனோ அவருக்குப் பழக்கினாள். முதல் நாள் பன்னிரண்டு நொடி வேலைக்கு அவர் முழுதாக ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டார். ஒரு மூங்கில் ஊசியை நறுக்கி நறுக்கிப் பல் குத்தும் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். இரண்டாம் ஞாயிறு, இருபது நொடி. மியாதெரா இன்னும் தலையசைக்கவில்லை. சித்திதான் முடித்து வைத்தாள்.

"போயிட்டுத்தான் வரட்டுமே. அதுக்கப்புறம் எங்க போகப்போறா?"

அனுமதி அப்படித்தான் கிடைத்தது. ஒன்பதரைக்குள் கதவுக்குள் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

"பதிலுக்கு நீங்க ஒண்ணு பண்ணணும்," என்றார் உசாமி. "டிசம்பருக்கு எங்க பட்டியல்ல இந்தக் கச்சேரிதான். நானோ போகல. எப்படி இருந்துதுன்னு நீங்கதான் சொல்லணும். நான் எழுதணும்."

ஹிபியா மண்டபத்தில் அவளுக்குக் கிடைத்தது நடுவரிசை இருக்கை. சித்தியின் நல்ல கிமோனோவைக் கட்டியிருந்தாள். தொம்போவின் முகங்கள் அங்கங்கே தெரிந்தன. தூண் ஓரத்தில் மூன்றாம் மேசை ஆசிரியர். முன்வரிசையில் ஜன்னல் மேசை மாணவர்கள் நால்வர். ஆறு வருடமாகக் கண்ணாடிக்கு வெளியே பார்த்த முகங்கள். அவர்கள் அவளைப் பார்த்தும் அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை. கண்ணாடி இல்லாமல் அவளை அவர்கள் பார்த்ததில்லை.

இசை ஆரம்பித்தது.

அந்த முதல் நான்கு நிமிடத்தைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் ஹிசனோ அம்மாள் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். சாம்பல் நிறத்துக்கு இவ்வளவு கனம் இருக்கும் என்று தெரியாதாம். நெஞ்சுக்கூட்டில் வந்து மோதியதாம். கருப்பாக மின்னிய இடங்களில் ஒரே ஒரு குழல் மட்டும் மூச்சு விடுவது கேட்டதாம். "அது ஆளுங்க வாசிக்கறதுன்னே அப்பத்தான் தெரிஞ்சுது" என்றார்.

அப்புறம் அவள் எழுந்து நின்றாள்.

தானாக எழுந்தாள். நடு மண்டபத்தில், வயலின்கள் உச்சத்தில் இழுத்துக்கொண்டிருக்கையில், சித்தியின் கிமோனோவோடு நெட்டுக்குத்தலாக. வலக்கை காற்றை நறுக்கியது. பின்னாலிருந்து ஒரு பெரியவர், "உக்காரும்மா! என்ன ஆச்சு உனக்கு?" என்று சீறினார். சட்டென்று உட்கார்ந்தாள்.

உட்காரும்போதுதான் அதைக் கேட்டாள். தூண் ஓரத்திலிருந்து ஓர் இருமல். முன்வரிசையில் நான்கு தொண்டைகள் செருமின. மாடி வரிசையில் எங்கோ ஒரு தீப்பெட்டி குலுங்கியது. வேறு யாரும் அசையவில்லை. இசை நிற்கவே இல்லை. ஆனால் தொம்போக்காரர்கள் மட்டும், இருந்த இருந்த இடத்தில், முதல் பக்கம் முடியும் அதே இடத்தில் இருமினார்கள்.

இரண்டாம் பக்கத்தின் முடிவு நெருங்க நெருங்க அவள் இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டாள். பாதி எழுந்தாள். தூண் இருமியது. முன்வரிசை செருமியது. மூன்றாம் பக்கத்துக்கு வலக்கையைத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்தாள். கால் எழுந்தது. நான்காம் பக்கத்தில், கிமோனோவின் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மணிக்கட்டை இருக்கையோடு கட்டலாமா என்று யோசித்தாளாம். அதற்கப்புறம் அவளுக்கு இசை கேட்கவில்லை. அடுத்த இருமல் எப்போது என்பது மட்டும்தான் கேட்டது.

"நான் மட்டும் மாட்டிக்கிட்டிருக்கேன்னு நெனச்சிருந்தேன்," என்று என்னிடம் சொன்னார். "பாத்தா, அத்தனை பேரையும் நான்தான் உள்ள வெச்சுப் பூட்டியிருக்கேன். ஆறு வருஷமா. நாலு நாலு நிமிஷமா."

கடைசிப் பகுதி வந்தது. பன்னிரண்டாம் பக்கம் முடிந்த இடத்தில் அவளால் அடக்கவே முடியவில்லை. எழுந்துவிட்டாள். அதே நொடியில் மேடையில் கறுப்பும் வெள்ளையுமாக உட்கார்ந்திருந்த பாடகர் குழு, நூற்றுக்கு மேல் ஆட்கள், மொத்தமாக எழுந்து நின்றது.

"அந்த ஒரு தடவை மட்டும் நான் தப்பா நிக்கல" என்பார், வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே.

இனி உட்கார்வதில் பயனில்லை என்று வரிசையைக் கடந்து, எல்லோர் முழங்காலிலும் இடித்துக்கொண்டு, கதவோரச் சுவரில் சாய்ந்து நின்றாள். நிற்பவள் எழ வேண்டியதில்லை அல்லவா? அப்படித்தான் கணக்குப் போட்டாள். பாட்டு கூரையைத் தொட்டது. பதினான்காம் பக்கத்தின் முடிவில் கால் தானாக ஓரடி எடுத்து வைத்தது. பதினைந்தில் விரல்கள் நறுக்கின. பதினாறில் எல்லோரும் எழுந்து கைதட்டினார்கள். அவள் கை தட்டவில்லை. தட்டை உறையில் போட நீண்ட கை, அப்படியே நின்றுவிட்டது.

ஒன்பது இருபதுக்குக் கதவுக்குள் வந்துவிட்டாள்.

மறுநாள் காலை, கடை திறக்குமுன், உசாமி கண்ணாடி அறைக்குள்ளேயே முக்காலியில் காத்திருந்தார். விரல்களில் மூன்று இடத்தில் கத்தரி வெட்டிய கட்டு. முந்தைய மாலை மியாதெராவும் அதே பதினாறு பக்கத்தைத்தான் ஓட்டச் சொல்லியிருந்தார். மண்டபத்துக்குப் போக முடியாத நாலைந்து பேர் வந்திருந்தார்களாம்.

"ஹிசனோசான்," என்றார், "இதுக்குள்ள ஒண்ணுமே கேக்கலியே!"

"கேக்காது."

"இவ்வளவு நாளா இதைச் சொல்லவே இல்லியே நீங்க?"

"பன்னெண்டு நொடியில எப்படிச் சொல்றது?"

அவர் நோட்டுப் புத்தகத்தைத் திறந்தார். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "சரி, நீங்க சொல்லுங்க. எப்படி இருந்துது? 'சிம்பொனி முழுமையாக வாசிக்கப்பட்டது'ன்னு ஆரம்பிக்கறேன்."

ஹிசனோ கத்தரியை எடுத்துத் துணியில் துடைத்தாள். வெளியே சித்தி கதவைத் திறப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. முதல் வாடிக்கையாளராகத் தூண் ஓரத்து ஆசிரியர் வந்து மூன்றாம் மேசையில் உட்கார்ந்தார்.

"அந்த 'முழுமையாக' வேண்டாம் உசாமிசான்."

"ஏன்? நடுவுல நிறுத்திட்டாங்களா?"

"அவங்க நிறுத்தல."

உசாமி அவளையே பார்த்தார். பிறகு தன் கட்டுப்போட்ட விரல்களைப் பார்த்தார். அந்தச் சொல்லை அடித்தார்.

ஜனவரி பதினைந்தில் அவள் சிச்சிபுவுக்குப் போனாள். மாப்பிள்ளை நல்லவர்தான். சித்தி பொய் சொல்லவில்லை. பத்துத் தறிகளும் ஓடின. தறிச் சத்தத்துக்கு நடுவே நான்கு நிமிடத்துக்கொரு முறை எழுந்து நிற்கும் மருமகளைப் பார்த்து, சுறுசுறுப்பான பெண் என்று மாமியார் ஊரெல்லாம் சொன்னார். அடுத்த கோடையில் போர் வந்தது. தொம்போவை மூடினார்கள். உசாமி எந்தத் தீவுக்கு அனுப்பப்பட்டார் என்று ஹிசனோ அம்மாளுக்குத் தெரியவில்லை. கணவர் காலமான பிறகுதான் கண்டாவுக்கே திரும்பினார்.

போன ஆண்டு, பழைய புத்தகக் கடை ஒன்றில் 1937 ஜனவரி இதழ் எனக்குக் கிடைத்தது. 'இந்த ஆண்டு இசையுலகில்' நான்கு பக்கம். பனியும் ரத்தான கச்சேரிகளும் இருந்தன. தடைசெய்யப்பட்ட பாட்டும் புது நடத்துநரும் இருந்தார்கள். டிசம்பரில் கடைசி வரி, ஹிபியா மண்டபத்தில் பாடகர் குழுவோடு அந்தச் சிம்பொனி வாசிக்கப்பட்டது. 'முழுமையாக' இல்லை. அதன்கீழே சின்ன எழுத்தில் இன்னொரு வரி: "அரங்கில் இருமல் அதிகம்."

அதை யார் உசாமியிடம் சொல்லியிருப்பார்கள் என்று தெரியவில்லை. மூன்றாம் மேசை ஆசிரியராக இருக்கலாம்.

கீழே கொண்டுபோய்ப் படித்துக் காட்டினேன். என் உச்சரிப்பை இரண்டு இடத்தில் திருத்தினார். இதழை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, அந்தச் சின்ன வரியில் விரலை வைத்து நெடுநேரம் பார்த்தார். மேலே என்னிடம் நல்ல ஒலிநாடா ஒன்று இருக்கிறது, நடுவில் வெட்டே இல்லை, போடட்டுமா என்று கேட்டேன்.

"போட்டா மட்டும்?" என்றார். அதற்குள் நான்கு நிமிடம் ஆகியிருந்தது.